லேபிள்ல என் பேரு

இந்த வருஷம் பாட்டில்ல என் பேரு வந்தே ஆகணும். ஈஸ்டர் அன்னிக்குக் கோயில் வாசல்ல நின்னு முடிவு பண்ணேன். கையில மெழுகுவத்தி இருந்துச்சு. அதனால அது சபதம். மெழுகுவத்தி இல்லாம பண்ணியிருந்தா வெறும் ஆசை.

என் பேரு ஷல்வா. திராட்சைக்குப் பேர் போன ககேதியில எங்க ஊர்ல நூத்தி நாப்பது வீடு. நூத்தி நாப்பது வீட்டுலயும் திராட்சைத் தோட்டம். நூத்தி நாப்பது ஆம்பளைங்களும் "என் வைன்தான் ஊர்லயே ஒசத்தி"ன்னு சொல்லுவாங்க. அதுல நூத்தி முப்பத்தொன்பது பேரு பொய் சொல்றாங்க. பாவம், திருத்த முடியாது.

எங்க தோட்டம் பதினேழு வரிசை. எல்லாம் சபெராவி. தோல் கறுப்பு, சாறு ரத்தச் சிவப்பு. சட்டையில ஒரு சொட்டு பட்டா, சட்டையை மறந்துட்டு மீதி வாழ்க்கையைப் பாக்க வேண்டியதுதான். வீட்டுக்குப் பின்னாடி வைன் கொட்டகை. கொட்டகைத் தரையில கழுத்து வரைக்கும் மண்ணுல புதைச்ச தாழி ரெண்டு. பெருசு ஒண்ணு, சிறுசு ஒண்ணு. இலையுதிர்காலத்துல சாறை ஊத்தி, பொங்கி அடங்கினதும் கல்லு மூடி போட்டு, களிமண்ணால பூசி, வசந்தத்துல திறக்கணும்.

வேலையை நானும் என் பொண்டாட்டி லமாராவும் சரிபாதியாப் பிரிச்சுக்கிட்டோம். நான் நாற்காலியில உக்காந்து சொல்லுவேன். அவ செய்வா. இருபத்தாறு வருஷமா ஒரு குறையும் இல்லாம நடந்துச்சு. போன அக்டோபர்ல திடீர்னு அவளுக்கு என்னமோ ஆயிடுச்சு.

"ஏங்க," ன்னா. முழங்கை வரைக்கும் திராட்சைச் சாறு.

"என்ன?"

"நீங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டே செய்யறதுக்கு ஒரு மணி நேரம் ஆகுது. நீங்க சொல்லாம இருந்தா அரை மணியில முடிஞ்சுடும்."

"நான் சொல்லலேன்னா நீ எப்படிச் செய்வே?"

"நீங்க தூங்கும்போது எப்படிச் செய்யறேனோ அப்படி."

"இந்த வைனோட உயிரே என் மூளையில இருக்கு, லமாரா."

"அப்படியா? சரி. பெரிய தாழியை நீங்க போடுங்க. சின்னத் தாழியை நான் போடறேன். அவங்கவங்க மூளை, அவங்கவங்க தாழி."

அவமானமாப் போச்சு. ஒத்துக்கிட்டேன்.

வைன் போடறதுல ஒரு கஷ்டமும் இல்ல. நான் போட்டுப் பாத்தேன், தெரிஞ்சுது. பழத்தை மிதிச்சு ஊத்திட்டு வந்துட்டேன். ஞாபகம் வந்தப்போ கிளறினேன். ரெண்டு தடவை ஞாபகம் வந்துச்சு. மூடிக்குக் களிமண்ணு குழைக்க முதுகு இடம் கொடுக்கல. பழைய தார்ப்பாயை மடிச்சுப் போட்டு, மேல கல்லை வெச்சேன். லமாரா பக்கத்துத் தாழியில ராத்திரி பகல் பாக்காம என்னவோ பண்ணிக்கிட்டிருந்தா. நான் பாக்கல. அடுத்தவங்க வேலையைப் பாக்கறது அநாகரிகம்.

ஈஸ்டர் முடிஞ்சு ஒரு வாரத்துல திபிலிசி பட்டணத்திலிருந்து ஃபோன். ஸைராங்கறவங்க. சின்னக் குடும்பங்க போடற வைனை மட்டும் தேடிப் பிடிச்சு விக்கிற கடைக்காரம்மா. அவங்க ருசி பாத்து "ம்"ன்னா போதும், போட்டவங்க பேரு லேபிள்ல ஏறிடும். போன வருஷம் எதிர்வீட்டுக் கோச்சாவுக்கு "ம்" கிடைச்சுது. அந்தப் பாட்டிலை அவன் சாப்பிடல, விக்கல. ஜன்னல்ல வெச்சிருக்கான். லேபிள் எங்க வீட்டைப் பாத்து. ராத்திரியில அதுக்கு ஒரு பல்பு வேற.

லமாராதான் ஃபோன் எடுத்தா. ரொம்ப நேரம் பேசினா. "ம்... ம்... அப்படிங்களா... அப்போ பேரு எப்படிப் போடுவீங்க?... ஓ... சரிங்கம்மா."

வெச்சுட்டு வந்தா.

"ஞாயித்துக்கிழமை வர்றாங்களாம். நம்ம ரெண்டு தாழியையும் ருசி பாப்பாங்களாம். ஒண்ணுதான் எடுப்பாங்க."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். யாரோடது நல்லாயிருக்கோ."

"பாவம் லமாரா நீ," ன்னேன்.

"ஆமாங்க," ன்னா.

புதன்கிழமை அவ தெலாவி சந்தைக்குப் போனா. நான் கொட்டகைக்குப் போனேன். நீளக் காம்பு சுரைக்குடுக்கையை என் தாழியில விட்டு மொண்டேன். ஒரு வாய் குடிச்சேன். ரெண்டாவது வாய்க்கு அவசியமே வரல. கண்ணுல தண்ணி வந்துச்சு. பெருமையிலன்னுதான் முதல்ல நெனச்சேன். அப்புறம் மூக்குலயும் வந்துச்சு.

சரி, இந்த வருஷம் பழமே சரியில்ல போலிருக்கு, அவளோடதும் இப்படித்தான் இருக்கும்னு சின்னத் தாழிப் பக்கம் போனேன்.

குடுக்கையில மை மாதிரி வந்துச்சு. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சேன், வெளிச்சம் அந்தப் பக்கமே நின்னுடுச்சு. வாயில விட்டேன். நாக்கைப் பிடிச்சு நிறுத்தி, பேரு ஊரு விசாரிச்சுட்டுத்தான் உள்ள போச்சு. முதல்ல பழுத்த மல்பெரி. அப்புறம் செர்ரிக் கொட்டையைக் கடிச்ச கசப்பு. அப்புறம் நல்லாக் கொதிச்ச டிகாஷன் மாதிரி பல்லெல்லாம் இறுக்கிப் பிடிச்சுது. முழுங்கினதுக்கப்புறமும் போகல. என் மாமியார் மாதிரி, கிளம்பறேன் கிளம்பறேன்னு சொல்லிக்கிட்டே வாயிலேயே உக்காந்திருந்துச்சு.

அங்கேயே தரையில உக்காந்துட்டேன்.

இந்த வைனுக்கு லமாரா பேரு வந்தா என்ன ஆகும்? கோச்சா கேப்பான். "ஷல்வா, இருபத்தாறு வருஷமா உங்க வீட்டு வைன் நல்லாயிருந்துச்சே, அதெல்லாம் யாரு போட்டது?" இந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. பதில் இருந்துச்சு. சொல்ல முடியாது.

ஆக, வழி ஒண்ணுதான். அவ வைன் என் பேர்ல போகணும்.

ஞாயித்துக்கிழமை காலையில அதுக்குத் திட்டம் போட்டுக்கிட்டு அடுப்பங்கரையைச் சுத்திச் சுத்தி வந்தேன். லமாரா ரொட்டிக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தா. மேஜை மேல ஒரே மாதிரி ரெண்டு மண் கூஜா. ஒண்ணு கழுத்துல சிவப்பு நூல், ஒண்ணு கழுத்துல நீல நூல்.

"ஏங்க, எனக்கு ரெண்டு கையும் மாவு. நீங்களே கொட்டகைக்குப் போயி ரெண்டையும் ரொப்பிட்டு வந்துடுங்களேன்."

"நானா?"

"சிவப்பு நூல் உங்களோடது. நீல நூல் என்னோடது. மாத்திடாதீங்க."

"சேச்சே."

"மாறிட்டா யாருக்கும் தெரியவே தெரியாது. அதான் சொல்றேன்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"எல்லா ஜன்னலையும் சாத்திட்டேன், வெயில் வருதுன்னு. கொட்டகைப் பக்கம் நான் எட்டிக்கூடப் பாக்க முடியாது. பாத்து எடுத்துட்டு வாங்க."

கடவுள் இருக்கார்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. சிவப்பு நூல் கூஜாவுல அவளோடதை ரொப்பினேன். நீல நூல் கூஜாவுல என்னோடதை. ஒரு சொட்டு சிந்தல. அவ்வளவு கவனமா நான் அந்தக் கொட்டகையில வேலை செஞ்சதே இல்ல.

மத்தியானம் ஸைராம்மா வந்தாங்க. ஒல்லியா, வெள்ளை முடி, கழுத்துல கண்ணாடி. கோச்சாவும் வந்தான். அவனை யாரும் கூப்பிடல. எங்க ஊர்ல விருந்துக்குக் கூப்பிடாம இருந்தாதான் கட்டாயம் வருவாங்க. முற்றத்துல கொடிப்பந்தல் கீழ மேஜை. முதல்ல ருசி பாக்கறது, அப்புறம் சாப்பாடு.

ஸைராம்மா நீல நூல் கூஜாவை முதல்ல எடுத்தாங்க. கண்ணாடி டம்ளர்ல கொஞ்சம் ஊத்தி மோந்து பாத்தாங்க. முகத்துல ஒண்ணும் தெரியல. ஒரு வாய் எடுத்து, பக்கத்துல இருந்த ரோஜாச் செடிக்குள்ள துப்பப் போனவங்க, செடியைப் பாத்துட்டு, நாலு அடி தள்ளிப் போயி வெறும் தரையில துப்பினாங்க.

"இது யார் போட்டது?"

"நான்தாம்மா," ன்னா லமாரா.

"வெள்ளரிக்காய் நறுக்கி, மேல ஊத்தினா நல்லாயிருக்கும்."

கோச்சா சிரிச்சான். எனக்குக் காது சூடாயிடுச்சு.

"அவ்வளவு மோசம் இல்லீங்க," ன்னேன். "கொஞ்சம் பொறுமையாக் குடிச்சுப் பாத்தா, அடியில ஒரு நேர்மை தெரியும்."

"எங்கே?"

"அடியில."

ஸைராம்மா டம்ளருக்கு அடியில பாத்தாங்க.

"அவருக்கு என்னை விட்டுக்கொடுக்க மனசு வராதும்மா," ன்னா லமாரா. "நானே சொல்றேனே. போட்டவளுக்கு உடம்பெல்லாம் சோம்பேறித்தனம். கிளறினது ரெண்டே தடவை. மூடிக்கு மண்ணு குழைக்காம பழைய தார்ப்பாயைப் போட்டா. இப்படி ஒருத்தி இருப்பாளா?"

"இருக்கக் கூடாதும்மா," ன்னாங்க ஸைராம்மா.

"நானும் அதான் சொல்றேன்," ன்னா லமாரா. என்னையே பாத்துக்கிட்டு.

அவளுக்கு எப்படி எல்லாம் தெரியுதுன்னு அப்போ நான் யோசிச்சிருக்கணும். யோசிக்கல. ஏன்னா ஸைராம்மா சிவப்பு நூல் கூஜாவைத் தூக்கிட்டாங்க.

ஊத்தினாங்க. மோந்தாங்க. ஒரு வாய் எடுத்தாங்க. கன்னம் இந்தப் பக்கம் உப்புச்சு, அந்தப் பக்கம் உப்புச்சு. துப்பல. கண்ணை மூடிக்கிட்டாங்க. முழுங்கினாங்க. பந்தல்ல ஒரு தேனீ மட்டும் பேசிக்கிட்டிருந்துச்சு.

"ம்," ன்னாங்க.

கோச்சா முகம் பல்வலிக்காரன் முகம் மாதிரி ஆயிடுச்சு.

"இது வைன்," ன்னாங்க ஸைராம்மா. "இது நின்னு பேசுது. யாருடையது?"

"அடியேன்," ன்னு எழுந்து நின்னேன். எழுந்திருக்கணும்னு அவசியம் இல்ல. கால் தானா எழுந்துடுச்சு.

லமாரா மாவுக் கையால கைதட்டினா. வெள்ளையாப் புகை பறந்துச்சு. இவ்வளவு நல்ல மனசா இவளுக்குன்னு ஒரு நிமிஷம் வெக்கமாக்கூட இருந்துச்சு. ஒரு நிமிஷம்தான்.

அப்புறம் சாப்பாடு. திராட்சைக் கொடிச் சுள்ளியில சுட்ட பன்றிக்கறி, வால்நட் அரைச்சு அடைச்ச கத்திரிக்காய், பாலாடைக்கட்டி, அப்பதான் அடுப்புச் சுவத்திலேருந்து பேத்தெடுத்த ரொட்டி. எங்க பக்கம் விருந்துன்னா தலைமை தாங்க ஒருத்தர் வேணும். தாமாதான்னு சொல்லுவோம். கிண்ணத்தைத் தூக்கி அவர் பேசி முடிக்கற வரைக்கும் யாரும் ஒரு சொட்டு குடிக்கக் கூடாது. பேசி முடிச்சா எல்லாரும் ஒரே மூச்சுல கவுத்துடணும். எங்க தெருவுல எப்பவும் கோச்சாதான் தாமாதா. அவன் குரல் பெருசு. விஷயம் சிறுசு.

அன்னிக்கும் அவன்தான் தொண்டையைச் செருமினான்.

"கோச்சா அண்ணே, இருங்க," ன்னா லமாரா. "ஜெயிச்சவர் இருக்கும்போது நீங்க எதுக்குச் சிரமப்படறீங்க? இன்னிக்கு இவர் தாமாதாவா இருக்கட்டும்."

"இவனா?" ன்னான் கோச்சா.

"ஏன், எனக்கென்ன?" ன்னேன் நான். கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டே கேட்டேன்.

தாமாதா பேச்சுக்கு ஒரு சட்டம் உண்டு. வாய் எவ்வளவு பெருசா வேணும்னாலும் திறக்கலாம். ஆனா சொன்னதுக்கு எல்லாரும் கிண்ணத்தைக் கவுத்துட்டா, அது பத்திரப் பதிவு மாதிரி. திரும்ப வாங்க முடியாது. கீழ்த்தெருவுல ஒருத்தன் ஒரு கல்யாணத்துல உணர்ச்சிவசப்பட்டு, "என் மாடு உன் மாடு, நண்பா"ன்னு சொல்லிட்டான். இருபது பேரு குடிச்சுட்டாங்க. இப்பவும் அந்த மாடு தினம் அவன் வீட்டைத் தாண்டித்தான் மேயப் போகுது. அவன் வேற பக்கம் திரும்பிக்குவான். மாடு திரும்பிக்காது.

முதல் கிண்ணம் அமைதிக்கு. ரெண்டாவது கிண்ணம் வந்த விருந்தாளிக்கு. ஸைராம்மாவோட கண்ணு, மூக்கு, நாக்கு மூணையும் தனித்தனியாப் புகழ்ந்தேன். மூணாவது கிண்ணம் உழைக்கற கைகளுக்கு. அதாவது எனக்கு.

ஸைராம்மா நோட்டுப் புஸ்தகத்தை எடுத்தாங்க. "கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க ஷல்வா. எப்படிப் போட்டீங்க? ஒரு நாளைக்கு எத்தனை தடவை கிளறினீங்க?"

எனக்கு எப்படித் தெரியும்? லமாராவைப் பாத்தேன். அவ பாலாடைக்கட்டி வெட்டிக்கிட்டே, "அஞ்சு தடவைன்னு சொன்னீங்களே," ன்னா.

"அஞ்சு தடவை!" ன்னேன்.

"விடியக்காலை நாலு மணிக்கு ஒண்ணு," ன்னா.

"நாலு மணிக்கு! சேவலை நான்தான் எழுப்புவேன்!"

"காம்பையெல்லாம் எப்படி எடுத்தீங்க?"

"ஒவ்வொரு காம்பா, கையால," ன்னா லமாரா. "மிஷின்ல போட்டா கசக்கும்னு இவருக்குப் பிடிக்காது."

"கையால! மூணு நாள்! விரல் ரேகையே அழிஞ்சு போச்சு!"

"தாழி கழுவினது?"

"அதைச் சொல்லுங்க," ன்னா லமாரா. "உள்ள இறங்கினதைச் சொல்லுங்க. அதுதான் எனக்குப் புல்லரிக்கும்."

நான் எழுந்துட்டேன். உக்காந்துக்கிட்டுச் சொல்ற விஷயமா அது? "அம்மா! அந்தத் தாழியோட வாய் இவ்வளவுதான். இவ்வளவுதான்! நான் உள்ள இறங்கினேன். செர்ரி மரப்பட்டையை ஒரு கட்டையில கட்டி, அதால தேய்ச்சேன். பன்னெண்டு தடவை தண்ணி மாத்தினேன். பதிமூணாவது தண்ணியை நானே குடிச்சுப் பாத்தேன். ஊத்துத் தண்ணி மாதிரி இருந்துச்சு! இந்தக் கை! இந்த முதுகு! இந்த வைன்ல ஒரு வேலை, ஒரே ஒரு வேலை, வேற யாராவது செஞ்சாங்கன்னா இந்தக் கிண்ணம் என் தொண்டையில நிக்கட்டும்!"

நிக்கல. எல்லாரும் கவுத்துட்டாங்க. ஸைராம்மா எழுதிக்கிட்டே கவுத்தாங்க. கோச்சா என் வயித்தைப் பாத்தான். தாழி வாய்க்கு நான் காட்டின அளவை ஒரு தடவை மனசுல வெச்சுப் பாத்தான். ஆனா குடிச்சுட்டான்.

நாலாவது கிண்ணம் பெண்களுக்கு. இது வழக்கம். எந்த தாமாதாவும் தாண்ட முடியாது. ஆம்பளைங்க எழுந்து நின்னுதான் குடிக்கணும். இந்தப் பேச்சை நான் பிரமாதமாப் பண்ணுவேன். ஊர்ல கேட்டுப் பாருங்க. ஜெயிச்ச சந்தோஷம் வேற. திருடினவனுக்குக் கொஞ்சம் தாராளமும் வரும். குரலை இறக்கினேன்.

"நண்பர்களே. நான் யாரு? ரெண்டு கை. வெறும் ரெண்டு கை. இதோ நிக்கறாளே லமாரா, இவதான் தலை! எங்க வீட்ல சூரியன் இவகிட்ட கேட்டுட்டுத்தான் உதிக்கும். எந்தக் குலையை எப்பப் பறிக்கணும்? இவ சொல்லுவா. எப்போ கிளறணும், எப்போ நிறுத்தணும்? இவ சொல்லுவா. எப்போ மூடணும், எப்போ திறக்கணும்? இவ! இவ! இவ! இவ வாய் திறக்காம நான் ஒரு இலையைக் கிள்ளினது இல்ல. அந்தத் தோட்டத்துல ஒரு திராட்சை பழுத்தாக்கூட அது லமாராவுக்குக் கட்டுப்பட்டுப் பழுக்குது. நான் கூலியாள்! அவ எஜமானி! எஜமானிக்காக!"

"கௌமர்ஜோஸ்!" ன்னு வாழ்த்திக் கத்தினான் கோச்சா. அவன் கண்ணுல தண்ணி. என் கண்ணுலயும் தண்ணி. கவுத்துட்டோம். லமாரா தலையைக் குனிஞ்சுக்கிட்டு இடுப்புல கட்டியிருந்த துணியால கண்ணைத் தொடச்சா. தோள் ரெண்டும் குலுங்குச்சு. அழுகைன்னு நெனச்சேன்.

ஸைராம்மா பேனாவை மூடினாங்க.

"ரொம்பத் தெளிவா சொல்லிட்டீங்க ஷல்வா. மத்த வீடுகள்ல இது பெரிய தகராறு. லேபிளைப் படிக்கறேன், சரியான்னு சொல்லுங்க." கண்ணாடியை மாட்டிக்கிட்டாங்க. "பெரிய எழுத்துல, 'லமாராவின் வைன்'. பின்பக்கம், சின்ன எழுத்துல, 'கைவேலை: ஷல்வா'."

பந்தல்ல இருந்த தேனீகூட நின்னுடுச்சு.

"அம்மா," ன்னேன். "வைன் போட்டது நான்."

"கையால வேலை செஞ்சது நீங்க. முடிவெல்லாம் அவங்க. யாரோட முடிவு வைனை வைனாக்குதோ அவங்க பேருதான் முன்னாடி வரும். எங்க கடை வழக்கம். ஃபோன்லயே லமாராகிட்ட சொன்னேனே."

"இல்லீங்க, அது... நாலாவது கிண்ணம்... அது சும்மா விருந்துல சொல்றது..."

சொல்லியிருக்கக் கூடாது. கோச்சா கிண்ணத்தை மேஜை மேல மெதுவா வெச்சான். சாவு வீட்ல பேசற குரல்ல பேசினான்.

"ஷல்வா. நாங்க குடிச்சுட்டோம்."

"கோச்சா, நீயே யோசிச்சுப் பாரு..."

"எழுந்து நின்னு குடிச்சோம்."

அதுக்கு மேல எங்க ஊர்ல பேச்சு இல்ல. நான் உக்காந்துட்டேன். கத்திரிக்காய் ஒண்ணு எடுத்து வாயில வெச்சுக்கிட்டேன். வாய்க்கும் ஒரு வேலை வேணுமே.

"இன்னொரு விஷயம்," ன்னாங்க ஸைராம்மா. "அக்டோபர்ல என் வாடிக்கைக்காரங்க முப்பது பேரு வருவாங்க. வைன் போடறதை நேர்ல பாக்க ஆசை. நீங்க சொன்ன முறையில ஒண்ணுகூட மாறக் கூடாது. அஞ்சு வேளை கிளறறது, கையால காம்பு எடுக்கறது, பன்னெண்டு தண்ணி. முக்கியமா அந்த உள்ள இறங்கறது."

"அதுக்குத்தான் நானும் காத்துக்கிட்டிருக்கேன்," ன்னான் கோச்சா.

கார் கிளம்பிப் போச்சு. கோச்சாவும் போனான், போகும்போது என் வயித்தை ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டு. லமாரா மேஜையைத் தொடச்சுக்கிட்டிருந்தா. எனக்குப் பொறுக்கல. உண்மையைச் சொல்லிட்டா அவளுக்காவது கொஞ்சம் சுருக்னு இருக்கும்னு தோணுச்சு.

"லமாரா. நான் கூஜாவை மாத்திட்டேன்."

"தெரியுங்க."

"தெரியுமா?"

"நீங்க மாத்தலேன்னா நானே மாத்தியிருப்பேன். நீங்க மாத்துவீங்களோ மாட்டீங்களோன்னுதான் எனக்குக் காலையிலேருந்து பதட்டம். அதான் ஜன்னலைச் சாத்தினேன்."

"எதுக்கு? உன் வைன்தானே எப்படியும் ஜெயிச்சிருக்கும்?"

"ஜெயிச்சிருக்கும். என் பேரும் வந்திருக்கும். அடுத்த வருஷம் வேலையையும் நானே செய்யணும். இப்போ பேரு எனக்கு, வேலை உங்களுக்கு. சரிபாதி."

பந்தல் கீழ கிடந்த நாற்காலியில போய் உக்காந்தேன்.

"ஒருவேளை நான் அந்த நாலாவது பேச்சைப் பேசாம விட்டிருந்தா?"

அவ துணியைப் பிழிஞ்சுக்கிட்டே சொன்னா: "இருபத்தாறு வருஷமாக் கேக்கறேன். நம்ம கல்யாணத்துலயும் பேசினீங்க, என் தங்கச்சி கல்யாணத்துலயும் பேசினீங்க. 'நான் கூலியாள், அவ எஜமானி'ல எப்பவும் குரல் உடையும். ஒரு வார்த்தை மாறினதில்ல. நீங்க கிண்ணத்தைத் தூக்கணும், அவ்வளவுதான். மிச்சத்தை உங்க வாய் பாத்துக்கும்."

"அப்போ நீ கண்ணைத் தொடச்சியே, அது?"

"சிரிப்பை அடக்க முடியலங்க."

ஜூன்லேருந்து எனக்குச் சாப்பாட்டுல வெண்ணெய் கிடையாது. ஜூலையில ரொட்டி பாதியாச்சு. ஆகஸ்ட் முழுக்க வெள்ளரிக்காய். மேல ஊத்திக்க என் பெரிய தாழி நிறைய இருக்கு, தீரல. வாரத்துக்கு ஒரு தடவை லமாரா ஒரு வளையத்தைக் கொண்டு வருவா. பழைய பீப்பாய் வளையம், தாழி வாய் அளவு. தலைவழியா மாட்டி, இடுப்பு வரைக்கும் இறங்குதான்னு பாப்பா. செப்டம்பர் பதினெட்டாம் தேதி இறங்கிடுச்சு.

"ஒத்திகை பாத்துடலாங்க," ன்னா. "முப்பது பேரு முன்னாடி தடுமாறக் கூடாது."

கயித்தைக் கட்டி, காலியான சின்னத் தாழிக்குள்ள இறக்கினா. உள்ள இருட்டு. குனிஞ்சு நிக்கணும். களிமண் வாசனை. மேல வட்டமா ஒரு துண்டு வானம். செர்ரிப் பட்டைக் கட்டையால தேய்க்க ஆரம்பிச்சேன். முதல் தண்ணி, ரெண்டாவது தண்ணி, மூணாவது தண்ணி. நாலாவது தண்ணியில ஒண்ணு கண்டுபிடிச்சேன். தாழிக்குள்ள என்ன பேசினாலும் அது திருப்பிச் சொல்லுது. "ம்"ன்னா "ம்"ங்குது. "சரி"ன்னா "சரி"ங்குது. என் வீட்டுல நான் சொன்னதை ஒத்துக்கற ஒரு இடம் இருக்குன்னு அம்பத்திரெண்டு வயசுல தெரிஞ்சுது. கட்டையைக் கீழ வெச்சேன். நெஞ்சை நிமிர்த்தப் பாத்தேன், முடியல. குனிஞ்சபடியே கத்தினேன்.

"இந்த வீட்ல வைன் போடறது நான்தான்!"

"நான்தான்!" ன்னுச்சு தாழி.

"நான்தான்!"

"நான்தான்," ன்னுச்சு இன்னொரு தடவை, கொஞ்சம் மெதுவா.

மூணாவது தடவை அது லமாரா குரல்ல வந்துச்சு.

"அடியில இன்னும் கறை இருக்குங்க. தேயுங்க."